நிலைமையும் நிபந்தனையும்: ஆங்கிலச் சொற்றெரிவும் சிலாபக் கரையின் மொழிவரலாறும்

ஒத்த பொருளுடையன போலத் தோன்றும் சொற்கள் பல ஒரு மொழியிலே இருத்தல் அம்மொழியின் வளத்துக்கு அறிகுறியாகும். அவ்வளமே அம்மொழியைப் பிறமொழியாகக் கற்பார்க்கு இடர்ப்பாடாகவும் அமைந்துவிடுகின்றது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் ‘சேர்க்கம்ஸ்ரன்ஸ்’, ‘கொண்டிசன்’, ‘சிற்றுவேசன்’, ‘ஸ்ரேற்’ என்னும் நான்கு சொற்களையும் ‘நிலைமை’ என்ற ஒரே தமிழ்ச்சொல்லாற் பொருள்கொண்டு, பின்னர் எழுதும்போது நான்கனுள் எதனை எடுப்பது என்று மயங்குதல் வகுப்பறைதோறும் காணப்படும் செய்தியாகும். மயக்கம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுமாயின் இழப்பு இரண்டொரு புள்ளிகளே. அது காணி உறுதியிலும் வழக்கேட்டிலும் தொழில் ஒப்பந்தத்திலும் புகுமாயின், ஒருவர் தம் காணியை இழக்கலாம். மற்றொருவர் தம் கூலியை இழக்கலாம்.

அகராதி இச்சொற்களுக்குத் தரும் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கின்றன. ஆகலின் அகராதியை மட்டும் துணைக்கொண்டு இம்மயக்கத்தைத் தீர்த்தல் அரிது. சொற்கள் எங்கே பிறந்தன, எவருடைய வாயிலே வளர்ந்தன, எத்தொழிலுக்குப் பயன்பட்டன என்று வரலாற்றை நோக்கினால் அவற்றின் எல்லைகள் தாமே தெளிவுறும். பல மொழிகள் ஒரே மன்றிலும் ஒரே சந்தையிலும் நெடுங்காலம் ஒன்றையொன்று எதிர்கொண்ட சிலாபக் கரை, அவ்வாராய்ச்சிக்குத் தகுந்த ஒரு நிலைக்களமாகும்.

பல மொழிகள் கூடிய கரை

சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரம் இலங்கையின் தொன்மையான சிவாலயங்களுள் ஒன்று. கோட்டை இராச்சியத்தை 1412 முதல் 1467 வரை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு, சிங்கள மன்னனாயிருந்தும், இக்கோயிலுக்குரிய நிலக்கொடையைத் தமிழிலேயே கல்லிற் பொறிப்பித்தான். கொடை இன்னார்க்கு உரியது, இன்ன பணிக்காக உரியது என்பதனை அப்பணி செய்வோரும் அயலாரும் படித்தறியும் மொழியில் எழுதவேண்டும் என்னும் தெளிவு அவ்வரசியலில் இருந்தது. போர்த்துக்கேயர் 1578இல் இக்கோயிலை அழித்தனர். 18ஆம் நூற்றாண்டிலே கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்தான். போர்த்துக்கேயரை அடுத்து ஒல்லாந்தரும், 1796 முதல் ஆங்கிலேயரும் இக்கரையை ஆண்டனர். ஆள்வோர் மாறுந்தோறும் உறுதியின் மொழி மாறிற்று. நிலமும் அதனை உழுதுண்போரும் மாறவில்லை.

இத்தகைய கரையிலே 1807இல் கற்பிட்டியிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அவர் 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விரித்துரைக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர்ச் சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார்; சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணிபுரிந்தார். ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தமிழ்ப் பொருளை ஆங்கிலச் சொல்லாற் கூறுதல் அவருடைய எழுத்துப் பணி. சாட்சி தன் மொழியிற் கூறியதை ஆங்கிலத் தீர்ப்பாக வடித்தல் அவருடைய நீதிமன்றப் பணி. சொற்றெரிவு அவருக்கு இலக்கண வினாவாக மாத்திரம் இருந்திருக்க இயலாது. தீர்ப்பின் நேர்மையே அதிலே தங்கியிருந்தது.

கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளை அடுத்து 1833இல் நீதிப் பட்டயம் பிறந்தது. அதன் பின்னர் மாவட்ட நீதிமன்றங்களின் அலுவல் ஆங்கிலத்திலே வேரூன்றியது. மீனவரும் தென்னந்தோட்டத் தொழிலாளரும் வணிகரும் தமிழிலோ சிங்களத்திலோ கூறிய சாட்சியம், மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவரின் நாவினூடாக ஆங்கிலமாகி ஏட்டிலே ஏறும். மேன்முறையீட்டு நீதிபதிகள் கொழும்பிலிருந்து நோக்குவது அவ்வாங்கில ஏட்டையே. ‘அப்போதைய நிலைமை அப்படி’ என்று ஒரு சாட்சி கூறினால், அந்நிலைமை என்ன? சூழ்ந்திருந்தவற்றைக் கூறினாரா? தம் உடலின் அல்லது பொருளின் இயல்பைக் கூறினாரா? முன்னர்ச் செய்துகொண்ட உடன்பாட்டைக் கூறினாரா? மூன்றுக்கும் ஆங்கிலத்திலே சொற்கள் வேறு. மூன்றாலும் விளையும் தீர்ப்பும் வேறாகலாம்.

இரு வேர்கள்: நிற்றலும் சொல்லுதலும்

‘சேர்க்கம்ஸ்ரன்ஸ்’ என்பது இலத்தீன் மொழியிலே ‘சுற்றி’, ‘நிற்றல்’ என்னும் இரு கூறுகள் சேர்ந்து பிறந்த சொல். கிரேக்க நாவன்மை நூலார் ‘பெரிஸ்ராசிஸ்’ என்று வழங்கிய குறியீட்டின் மொழிபெயர்ப்பே அது. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான உரோம ஆசிரியர் குயின்றிலியன் அதனை எடுத்தாளுகின்றார். ஒரு செயலை ஆராய்வோர் அச்செயலைச் சுற்றி நிற்பனவற்றை வினவவேண்டும் என்பது அந்நூலார் கொள்கை. யார் செய்தார், என்ன செய்தார், எங்கே, எப்பொழுது, ஏன், எவ்வாறு, எத்துணைகொண்டு என்னும் ஏழு வினாக்களாகப் பிற்காலத்தார் இதனை வகுத்தனர். 1215இல் நடைபெற்ற நான்காம் இலாத்தரன் சங்கம், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார் பாவியின் சூழ்நிலையையும் பாவத்தின் சூழ்நிலையையும் நுணுகி வினவவேண்டும் என விதித்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் தமிழ் நூலொன்றை அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் 1580இலே கொச்சியில் அச்சிடுவித்தார். கத்தோலிக்க சமயம் பரவிய முத்துக்குளிப்புக் கரையிலும் சிலாபக் கரையிலும், செயலை அதன் சூழலோடு சேர்த்து எடைபோடும் இவ்வழக்கம் கோயில் வழியாகவும் மக்களிடையே புகுந்தது.

‘கொண்டிசன்’ என்னும் சொல்லின் பிறப்பு முற்றிலும் வேறு. ‘கூடி’, ‘சொல்லுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் கூறுகளிலிருந்து அது தோன்றியது. இருவர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டதே அதன் முதற்பொருள். இன்னது நிகழ்ந்தால் இன்னது செய்வேன் என்னும் உடன்பாடு அதிலே அடங்கியது. அவ்வாறு உடன்பட்டமையால் ஒருவருக்கு வாய்த்த தரத்தையும் நிலையையும் அச்சொல்லாலேயே குறிக்கும் வழக்கம் இலத்தீனிலேயே எழுந்துவிட்டது. ஒப்பந்தத்தாலே ஒருவன் அடிமையாகவோ உழவனாகவோ குடியானவனாகவோ ஆகின்றானாகலின், ஒப்பந்தத்தின் பெயர் அவன் நிலைக்கும் பெயராயிற்று. ‘கொண்டிசன்’ ஓரிடத்து நிபந்தனையையும் மற்றோரிடத்து நிலையையும் குறித்தலின் காரணம் இதுவே.

‘ஸ்ரேற்’ என்பதும் நிற்றலடியாகப் பிறந்தது. ஆயினும் ‘சுற்றி’ என்னும் கூறு அதில் இல்லை. ஒரு பொருள் தான் நிற்கும் வகையையே அது சுட்டும். ‘சிற்றுவேசன்’ இடத்தைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. பல சூழ்நிலைகள் ஒரு காலத்து ஓரிடத்தே திரண்டு நிற்கும் தோற்றத்தை உணர்த்தும். ‘என்வயரன்மென்ற்’ இவற்றுள் இளையது. 19ஆம் நூற்றாண்டிலே தோமஸ் கார்லைல் போன்றோரின் எழுத்தால் இன்றைய பொருளிற் பரவியது. அதற்கு இலங்கைத் தமிழ் ‘சுற்றாடல்’ என்றும் தமிழகத் தமிழ் ‘சுற்றுச்சூழல்’ என்றும் பெயரிட்டுள்ளன. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் தேசிய சுற்றாடற் சட்டம் என்றே வழங்கப்படுகின்றது.

தமிழின் முதுசொம்

மேலைநாட்டார் ஏழு வினாக்களாக வகுத்த கருத்து தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புக்களை எண்ணுமிடத்து, கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் எண்ணுகின்றது. கூறுபவர் யார், கேட்பவர் யார், எங்கே, எப்பொழுது, எதன்பொருட்டு என்பன அறியப்படாதவிடத்துக் கூற்றின் பொருள் துணிய இயலாது என்பது கருத்து. திருக்குறளிலே தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்கள் தொடர்தலும் நோக்கற்பாலது. சூழ்நிலை அறிதலே அரசியல் என்பதனை அவ்வைப்புமுறை காட்டுகின்றது.

‘சூழ்’ என்னும் வினையடி சுற்றி நிற்றலையும் உணர்த்தும், ஆராய்தலையும் உணர்த்தும். பண்டைத் தமிழிலே ‘சூழ்ச்சி’ என்பது ஆராய்ச்சியைக் குறித்த நற்சொல். வஞ்சனைப் பொருள் பின்னர் வந்து படிந்தது. ஆகவே 20ஆம் நூற்றாண்டிற் பெருவழக்குப் பெற்ற ‘சூழ்நிலை’ என்னும் சொல், ‘சேர்க்கம்ஸ்ரன்ஸ்’ என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நேராய் நிற்பதோடு, சுற்றி நிற்பனவற்றை ஆராய்ந்தே துணியவேண்டும் என்னும் குறிப்பையும் உடன்கொண்டு நிற்கின்றது. வடசொல்லாகிய ‘சந்தர்ப்பம்’ தொடுத்தல், கோத்தல் என்னும் பொருளிலே பிறந்தது. ஈழத் தமிழிலே வாய்ப்பு என்னும் பொருளிலும் அது வழங்குதலால், சூழ்நிலை என்ற பொருளில் எழுதுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

‘நிபந்தனை’ என்பதும் வடமொழிவழி வந்ததே. கட்டுதல் என்பது அதன் அடிப்பொருள். சோழர் கல்வெட்டுக்களிலே கோயிற் பணிகளுக்கென விடப்பட்ட மானியத்தைக் குறிக்கும் ‘நிவந்தம்’ இச்சொல்லோடு உறவுடையது. விளக்கெரித்தல், அமுது படைத்தல், மாலை சாத்தல் முதலிய பணிகளோடு நிலம் பிணைக்கப்பட்டிருந்தது. பணி நடவாவிடத்து நிலத்தை அனுபவித்தற்கு நியாயமில்லை. ஆங்கிலேயர் கூடிப் பேசுதலிலிருந்து பெற்ற கருத்தைத் தமிழர் கட்டுதலிலிருந்து பெற்றனர். வழி வேறாயினும் சென்றடைந்த இடம் ஒன்றே. ‘நிலை’, ‘நிலைமை’ என்பனவோ தனித்தமிழ்ச் சொற்கள். நிற்றலடியாகப் பிறந்து, ‘ஸ்ரேற்’ என்பதற்கு மிக அணுக்கமாய் நிற்பவை. ஆகவே தமிழிலே சொல்வளம் குன்றியிருத்தல் மயக்கத்துக்குக் காரணமன்று. உள்ள சொற்களைப் பகுத்து வழங்காது ‘நிலைமை’ என்னும் ஒன்றின்மேல் எல்லாச் சுமையையும் ஏற்றியதே காரணம்.

சட்டத்தின் முன்னே

சொற்பகுப்பின் பயன் சட்டத்துறையிலே கண்கூடு. இலங்கையின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டம், ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவியது. எவ்வெச் செய்திகள் வழக்கோடு தொடர்புடையன என்று அதன் 7ஆம் பிரிவு கூறுமிடத்து, செயலுக்கு ஏதுவாய் அமைந்தது, காரணமாய் அமைந்தது, விளைவாய் அமைந்தது, செயல் நிகழ்ந்தபோது பொருள்கள் இருந்த நிலை, செயலுக்குக் கிடைத்த வாய்ப்பு எனத் தனித்தனியே பிரித்துரைக்கின்றது. இவையனைத்தையும் ‘நிலைமை’ என்று ஒருவர் மொழிபெயர்ப்பாராயின், வரைந்தவர் பாடுபட்டுக் கட்டிய வரம்புகள் அனைத்தும் ஒரே நொடியில் உடைந்துவிடும்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் மற்றோர் எடுத்துக்காட்டு. அச்சட்டத்திலே ‘கொண்டிசன்’ வேறு, ‘வொறன்ரி’ வேறு. முன்னையது ஒப்பந்தத்தின் ஆணிவேர். அது மீறப்பட்டால் வாங்கியவர் பொருளையே மறுத்துத் திருப்பலாம். பின்னையது கிளை, அது மீறப்பட்டால் நட்டஈடு கோரலாமேயன்றிப் பொருளை மறுத்தல் இயலாது. சாதாரணப் பேச்சிலே இரண்டும் ‘உறுதிமொழி’ எனப்படும். ஒப்பந்தத்திலே ‘வொறன்ரி’ என்று பெயரிடப்பட்டிருப்பினும், அதன் தன்மையை நோக்கி அது ‘கொண்டிசன்’ என மன்று கொள்ளலாம் என்பதும் அச்சட்டத்தின் நுட்பமாகும். பெயரைக் கடந்து பொருளை நோக்குக என்னும் அறிவுரை, மொழிபெயர்ப்பாளர்க்கும் கட்டுரை எழுதும் மாணவர்க்கும் ஒருங்கே ஏற்புடையது.

தெங்கு வளம் மிக்க சிலாபத்திலே காணியுறுதியின் சொல் ஒவ்வொரு வீட்டையும் தொடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் முதலாக, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்திலே நிறைவேற வேண்டும் என்பது நாட்டின் விதி. உறுதிகளுள் அறுதியாக விற்பது ஒன்று. குறித்த காலத்துள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணியை மீளப் பெறலாம் என்னும் நிபந்தனையோடு கைமாற்றுவது மற்றொன்று. மகளின் திருமணச் செலவுக்காகத் தென்னங்காணியை இரண்டாம் வகையிலே கைமாற்றிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உறுதியின் ஆங்கில வாசகத்திலுள்ள ‘கொண்டிசன்’ என்பதனை, ‘காணி இப்போதுள்ள நிலைமையில்’ என்று யாரேனும் அவருக்குப் படித்துக் காட்டினால், மீட்கும் உரிமை ஒன்று தமக்கு உண்டென்பதனையே அவர் அறியார். தவணை கழிந்தபின் அறிந்தும் பயனில்லை. ஒரு சொல்லின் மயக்கம் ஒரு தலைமுறையின் தேட்டத்தை விழுங்கிவிடும்.

பிறநாட்டு வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1945 யூலை 26இல் நேசநாடுகள் வெளியிட்ட பொற்சுடாம் பிரகடனம், சப்பானியப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்றது. அதே ஏட்டிலே தம்முடைய விதிமுறைகள் இவை எனவும் வரிசைப்படுத்தியது. சக்கரவர்த்தியின் அதிகாரத்துக்கு ஊறு நேராது எனக் கொண்டு அதனை ஏற்பதாக ஓகத்து 10இல் சப்பான் அறிவித்தது. மறுநாள் அமெரிக்கா அனுப்பிய மறுமொழியிலே, சக்கரவர்த்தியின் அதிகாரம் நேசநாட்டுப் பெருந்தளபதிக்கு உட்பட்டது என்னும் பொருளுடைய ஒரு தொடர் இருந்தது. சமாதானத்தை விரும்பிய வெளிநாட்டமைச்சினர் அதனை ‘வரையறைக்குள் அமையும்’ என்று மெலிதாக மொழிபெயர்த்தனர். போரை நீட்டிக்க விரும்பிய படைத்துறையினர் ‘அடிமைப்பட்டிருக்கும்’ என்று வன்மையாக மொழிபெயர்த்தனர். இரு சொற்களுக்கிடையே நிகழ்ந்த இழுபறியின் பின்னரே ஓகத்து 14இல் சரணடையும் முடிவு உறுதியாயிற்று. ஒரு நாட்டின் உயிரே சிலநாள் ஒரு சொற்றெரிவிலே ஊசலாடிற்று எனலாம்.

தெரியும் முறை

வரலாறு காட்டிய வேர்களைக் கைக்கொண்டால் தெரிவு எளிதாகும். வெளியே சுற்றி நிற்பவை ‘சேர்க்கம்ஸ்ரன்சஸ்’. பெரும்பாலும் பன்மையிலேயே வரும். பொருளின் உள்ளியல்பு ‘கொண்டிசன்’. அப்பொருளில் ஒருமையாக வரும். வைத்தியசாலையிலே கிடக்கும் நோயாளி ஒருவரின் ‘கொண்டிசன்’ என்றால் அவருடைய உடல்நிலை. அவருடைய ‘சேர்க்கம்ஸ்ரன்சஸ்’ என்றால் குடும்பம், வருவாய், கடன் முதலியன. முன்னதை வைத்தியர் அறிவார்; பின்னதை அயலவர் அறிவார். உடல்நிலை தேறியும் குடும்பநிலை தேறாதிருத்தல் கூடும். ஆகவே ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக எழுதலாகாது.

‘கொண்டிசன்ஸ்’ என்னும் பன்மை இருபொருட்படும். ஒன்று, நிபந்தனைகள். மற்றொன்று, வாழ்வையோ தொழிலையோ நேரே தாக்கும் புறநிலைகள். சூழ்நிலையோடு ஒத்திருப்பதாகத் தோன்றும் இவ்விரண்டாவது பொருளிலேதான் மாணவர் பெரிதும் இடறுவர். இங்கே நினைவிற்கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. ‘சேர்க்கம்ஸ்ரன்சஸ்’ ஒரு குறித்த நிகழ்ச்சியை அல்லது ஒரு குறித்த மனிதரைச் சூழ்வன. ‘கொண்டிசன்ஸ்’ தொடர்ந்து நிலவிப் பலரையும் ஒருங்கே தாக்குவன. ஒரு வள்ளம் கவிழ்ந்த நிகழ்ச்சியைச் சூழ்ந்த செய்திகள் முன்னவை. அன்று கடலிலே நிலவிய காற்றும் அலையும் பின்னவை. கரைவலை இழுப்போரும் வள்ளமோட்டுவோரும் விடியற்காலையில் வினவுவது கடல் நிலைமையை. விசாரணை அதிகாரி மாலையில் வினவுவது விபத்தின் சூழ்நிலையை.

தொழிலுலகிலே இவ்வேறுபாடு கூலியோடு தொடர்புடையது. 1919இல் நிறுவப்பட்டதும், இலங்கை 1948இல் உறுப்புரிமை பெற்றதுமான சர்வதேசத் தொழில் தாபனத்தின் ஏடுகளிலே தொழிலின் ‘கொண்டிசன்ஸ்’ என்னும் தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. வேலை செய்யும் இடத்தின் வெளிச்சம், வெப்பம், தூசு, ஓய்வு என்பன சுட்டப்படுமிடத்து ‘வேலைச்சூழல்’ அல்லது ‘வேலை நிலைமைகள்’ என்றும், முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்ட சம்பளம், விடுமுறை, சேமலாபம் என்பன சுட்டப்படுமிடத்து ‘சேவை நிபந்தனைகள்’ என்றும் எழுதுதல் தகும். முன்னது குறைபடுமிடத்து முறையிடல் வேண்டும். பின்னது மீறப்படுமிடத்து உரிமையோடு கோரலாம். நிபந்தனையை நிலைமை என்று எழுதினால் உரிமை முறைப்பாடாகச் சுருங்கிவிடும்.

வேற்றுமைச் சொற்களும் வழிகாட்டும். ஒரு நிபந்தனையின்மேல் இசைதலை ‘ஒன் கொண்டிசன்’ என்பர். இங்கே ஒருமையே வரும். நிலவும் புறநிலைகளிடையே தொழில் செய்தலை ‘அண்டர் கொண்டிசன்ஸ்’ என்பர். இங்கே பன்மையே வரும். ‘இன் த சேர்க்கம்ஸ்ரன்சஸ்’, ‘அண்டர் த சேர்க்கம்ஸ்ரன்சஸ்’ என்னும் இரண்டும் வழக்கிலுள்ளன. சூழ்நிலையை நோக்குமிடத்து என்பது பொருள். ‘அண்டர் நோ சேர்க்கம்ஸ்ரன்சஸ்’ என்பதற்கு ‘எக்காரணங்கொண்டும்’ என்பதே இயல்பான தமிழ். சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் வேண்டா. பல செய்திகள் ஒருங்கு திரண்டு உடனே முடிவெடுக்கவேண்டிய தோற்றம் ‘சிற்றுவேசன்’. சிறப்பு நோக்கின்றி ஒரு பொருள் இருக்கும் இருப்பை மட்டும் கூறுதற்கு ‘ஸ்ரேற்’ போதும்.

ஐயம் எழுமிடத்து மூன்று வினாக்கள் துணைசெய்யும். சுட்டப்படுவது பொருளின் உள்ளேயா, வெளியேயா? யாரேனும் பேசி உடன்பட்டதா, தானே அமைந்ததா? ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் உரியதா, தொடர்ந்து நிலவுவதா? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் சொல் தானே வந்து நிற்கும்.

இன்றைய கடமை

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தமிழுக்குச் சில சிறப்பேற்பாடுகளை வகுத்தது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்களிற் சிங்களம் புகுதற்கு வழிசெய்தது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியை ஒட்டிச் சிலாபக் கரையிலுள்ள பள்ளிகள் பல தமிழ்மொழி மூலத்தைக் கைவிட்டுச் சிங்களமொழி மூலத்துக்கு மாறின. உடப்பு முதலிய ஊர்களிலே தமிழ் தொடர்ந்து வாழ்கின்றது. 1987, 1988ஆம் ஆண்டுகளின் 13ஆம், 16ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின் பின்னர்த் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவருகின்றன. முரண்பாடு நேருமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்னும் வாசகம் அவற்றின் இறுதியிலே வழக்கமாக இடம்பெறுகின்றது.

வடக்குக் கிழக்குக்கு வெளியே உள்ளமையால் சிலாப நீதிமன்றத்தின் நடவடிக்கை மொழி சிங்களம். அம்மொழி அறியாத தமிழ் வழக்காளிக்கு அரசின் செலவிலே தமிழ் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகின்றது. காசிச்செட்டியின் காலத்திலே ஆங்கிலத்துக்கும் சுதேச மொழிகளுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளர், இன்று மூன்று மொழிகளுக்கிடையே நிற்கின்றார். உரிமை ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சரியான சொல்லாலே எடுத்துரைக்க வல்லவர் மன்றிலே இருத்தல் வேண்டும். அத்தகையோரை ஆக்கவேண்டிய இடம் பள்ளியும் கல்லூரியுமே.

ஆகலின் ஆங்கில வகுப்பிலே ‘கொண்டிசன்’ என்றால் நிலைமை என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்து அப்பாற் செல்லும் வழக்கம் கைவிடப்படுதல் நன்று. நிலை, நிலைமை, சூழ்நிலை, சந்தர்ப்பம், நிபந்தனை என்னும் ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, ஒரு பழைய உறுதியையோ ஒரு விபத்துச் செய்தியையோ ஒரு நியமனக் கடிதத்தையோ முன்வைத்து, எவ்விடத்து எச்சொல் பொருந்தும் என மாணவரையே ஆராயவிடுதல் தகும். அவ்வாறு பயின்றவருள் ஒருவர் நாளை நொத்தாரிசாகவோ மொழிபெயர்ப்பாளராகவோ கிராம உத்தியோகத்தராகவோ அமர்வார். அன்று அவர் முன்னே கைநாட்டிட வரும் முதியவர், தம் காணியை மீட்கும் தவணை எப்போது முடிகின்றது என்பதனைத் தம் தாய்மொழியிலே திட்டமாக அறிந்து வீடு திரும்புவார்.